தண்ணி தெரியற மாதிரி எடுங்கண்ணா

ஏற்காடு ஏரிக்கரையில் இருபத்திரண்டு வருஷம் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். ஒரு யாஷிகா கேமரா, தோளில் ரெக்ஸின் பை, பைக்குள் விலாசம் எழுதிக்கொள்ள ஒரு நீள நோட்டு. சனி, ஞாயிறு என்றால் சேலத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறுவேன், பொழுது சாய்ந்து கடைசி பஸ்ஸில் இறங்குவேன். மே மாதம் முழுக்க மலையிலேயே கிடப்பேன்.

வந்தவர்களை இப்போதும் நினைவிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைப் பையன்கள் ஐந்தாறு பேராக வருவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பங்கள் புளிசாதத் தூக்கோடு வரும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் வேலை செய்தவர்கள், தருமபுரியிலிருந்து வேன் பிடித்து வந்த புதுமாப்பிள்ளை வீட்டார், பள்ளிக்கூடச் சுற்றுலா. யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி தெரியற மாதிரி எடுங்கண்ணா." முகம் கொஞ்சம் இருட்டாக விழுந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பின்னால் தண்ணீர் விழவில்லை என்றால் மீதிக் காசு வராது.

அது ஏன் என்று எனக்குப் புரிய நாளானது. சேலத்துக்காரனுக்குக் கடல் கிடையாது. கடலூர் போனாலும் புதுச்சேரி போனாலும் இருநூறு கிலோமீட்டர் பக்கம். கைக்குழந்தையையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, தறி நிற்கும் ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரமில்லை. ஏற்காடு முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் மேலே ஓர் ஏரி. ஊருக்குப் பேரே ஏரியும் காடும் சேர்ந்து வந்தது என்பார்கள். அதனால் ஒரு ஜில்லாவே, பக்கத்து ஜில்லாக்களும் சேர்த்து, விடுமுறை நாளில் அந்தச் சின்ன ஏரியின் தலையில் போய் உட்காருகிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். அந்த ஏரியின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியது போதும். ரோப் கார், கண்ணாடிப் பாலம் என்று அவ்வப்போது பேச்சு கிளம்புகிறது. அதற்கெல்லாம் யோசிக்கிற நேரத்தில், மலைக்குக் கீழே இருக்கிற ஏரிகளுக்கு மனிதன் உட்காருகிற மாதிரி கரை போட்டுக் கொடுங்கள்.

போட்டோக்காரன் சொல்கிறானே என்று தள்ளிவிட வேண்டாம். எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் படத்தில் முகத்துக்குப் பின்னால் என்ன விழுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே வயிறு கழுவியவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுத்த நெகட்டிவ்களை வைத்துப் பார்த்தால், ஆளுக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்கள், அதற்கு மேல் மேகம். ஆட்கள் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், காலை நீரில் தொங்கவிட்டிருப்பார்கள். பத்து வருஷம் கழித்து எடுத்ததில் அதே மாதிரி ஆட்கள், ஆனால் எல்லோரும் நிற்கிறார்கள். உட்கார இடம் இல்லை. பின்னால் கம்பி வேலி, அன்னப்பறவைப் படகின் கழுத்து, விளம்பரத் தட்டி. கடைசி வருஷங்களில் எடுத்ததில் பாதிக்கு மேல் வேனின் முன்கண்ணாடிதான் விழுந்திருக்கிறது. கோடை விழா நாட்களில் எடுத்த படங்களைப் பார்த்தால் ஊரே தெரியாது. தலைகள். எந்தத் திருவிழா என்று கேட்டால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரே குடும்பத்தை வந்திறங்கியதும் ஒரு படம், கிளம்பும்போது ஒரு படம் என்று எடுப்பேன். ஆண்கள் முகம் இரண்டிலும் ஒன்றுதான். பெண்கள் முகம் மாலையில் வேறாக இருக்கும். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், சிரிக்கச் சொன்னால் வலுக்கட்டாயமாக ஒரு சிரிப்பு. மலை ஏறியதில் பித்தம் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்க. குடிச்சா எங்க போறதாம்?" தண்ணீரைப் பார்க்க வந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறார்கள். அதற்கப்புறம் என்னால் அந்தச் சாயங்காலப் படங்களைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ஏரிக்கு வருவோம். மலை ஏரி என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சுற்றியுள்ள மேட்டில் விழும் மழையும் ஊற்றும் வந்து தேங்குகிற பள்ளம் அது. மழை மட்டுமா பள்ளத்துக்கு ஓடும்? ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றி எத்தனை ஓட்டல், எத்தனை லாட்ஜ் வந்தாலும், அவற்றின் கழிவைக் குழாய் போட்டுத் தனியாகக் கொண்டுபோகவில்லை என்றால் அதற்கும் சரிவுதான் வழி. ஏரி நிரம்பினால் வழிகிற நீர் கிளியூர்ப் பக்கம் போய் முந்நூறு அடி பாறையில் அருவியாக விழுகிறது. இருநூறு படிக்கு மேல் இறங்கிப் போய் மக்கள் அதில் தலையைக் கொடுத்துக் குளிக்கிறார்கள். மேலே ஏரியில் என்ன கலந்ததோ அதுதான் கீழே அருவி. மூலிகைத் தண்ணீர் என்று அங்கே நின்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் வராது, பேசாமல் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். மே மாதத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. ஏரி வழியாது, அருவி இருக்காது. கறுப்புப் பாறையைப் பார்த்துவிட்டு அத்தனை படியும் ஏறி வருகிறவர்களுக்கு என்னைத் திட்டத் தோன்றும். மழை முடிகிற காலத்தில் வாருங்கள் என்று எங்கேயாவது எழுதி வைத்தால் என்ன? சேலத்து பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பலகை வைக்கலாம்.

என் ஸ்டுடியோவுக்கு வரும் வாத்தியார் ஒருவர், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த மாதிரி ஏற்காட்டுக்கும் வந்தால் சரியாகிவிடும் என்கிறார். உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது, அதன் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அங்கே பாஸ் கேட்பதில்லை என்பதும் நல்லதுதான். ஆனால் கூட்டத்தை எண்ணுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வராதே என்று சொன்னால் அவன் எங்கே போவான்? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு தறிக்காரன் பொண்டாட்டி பிள்ளைகளோடு தண்ணீர் பார்க்கச் சேலத்துக்குள் எங்கே போவான்? துணிக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் போவான். வேறு இடம் நாம் வைத்திருக்கிறோமா?

வைத்திருக்கிறோம். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நான் பிறந்தது கன்னங்குறிச்சி. வீட்டுக்குப் பின்னால் நாலு தெரு தாண்டினால் மூக்கனேரி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைச்சரிவில் விழுந்த மழை அடிவாரம் வந்து, புதுஏரியில் தேங்கி, அங்கிருந்து மூக்கனேரிக்கு இறங்குகிறது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எந்தத் தண்ணீரைத் தேடி இருபது வளைவு சுற்றி வாந்தியெடுத்துக்கொண்டு மேலே போகிறோமோ, அந்த மலையின் தண்ணீர் நமக்கு முன்னாலேயே புறப்பட்டு நம் வீட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நானே அந்த வேடிக்கைக்குச் சாட்சி. இருபத்திரண்டு வருஷம் மூக்கனேரியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, ஏற்காட்டு ஏரியைப் படம் எடுக்க பஸ் ஏறினேன். சொந்த ஏரியில் ஒரு ரோல் ஃபிலிம் கூடச் செலவழித்ததில்லை.

சின்ன வயதில் அங்கேதான் நீச்சல் பழகினேன். அப்புறம் ஆகாயத்தாமரை மூடியது, குப்பை விழுந்தது, எங்கள் தெருச் சாக்கடையும் அதற்குள்தான் போனது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2010இல் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் என்ற குழுவினர் அந்த ஏரியை எடுத்துத் தூர்வாரினார்கள். வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். மண்ணை உள்ளேயே கொட்டுகிறார்களே, பைத்தியமா என்று கரையில் நின்று கேட்டவர்களில் நானும் ஒருவன். திட்டுகளில் மரம் வளர்ந்தது, பறவை வந்தது. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு நடுவே பச்சையாகத் தீவுகள், அதற்குப் பின்னால் நீலமாக சேர்வராயன் மலை. இத்தனை வருஷம் பின்னணிக்காக அலைந்தவன் சொல்கிறேன், இதைவிட நல்ல பின்னணி ஏற்காட்டில் கிடையாது. மலை மேலே நிற்கிறவனுக்கு மலை தெரியாதல்லவா?

வெயிலுக்குக் குளிர்ச்சி தேடித்தான் மலைக்குப் போகிறார்கள், தண்ணீருக்காக மட்டுமல்ல என்று சொல்வீர்கள். சரிதான். மே மாத மத்தியானத்தில் மூக்கனேரிக் கரையில் போய் உட்காரச் சொல்ல மாட்டேன், என்னாலேயே முடியாது. ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதமும் மே மாதம் இல்லை. சேலத்து மக்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு நாள் பயணம்கூட இல்லை, ஒரு சாயங்காலம். ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிற இடம். வேனுக்குப் பணம் கொடுக்காமல், லீவு எடுக்காமல், தட்டுவடை செட் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற இடம்.

சாக்கடை நாற்றம் என்பீர்கள். அதுவும் சரிதான். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் சாக்கடையைத் திருப்ப வேண்டும். பிறகு கழிப்பறை, பெண்கள் பயமில்லாமல் போகிற மாதிரி, தண்ணீரும் விளக்கும் ஆளும் உள்ள கழிப்பறை. பிறகு நிழல். பெஞ்சு கடைசி. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. அழகுபடுத்துகிறோம் என்று வந்தால் முதலில் நுழைவு வளைவு கட்டுகிறார்கள், பிறகு 'ஐ லவ்' என்று எழுத்து நட்டு விளக்குப் போடுகிறார்கள், கரையைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். கரை சரிவாக மண்ணாக இருந்தால்தான் கொக்கு இறங்கும், ஆமை ஏறும், குழந்தை காலை நனைக்கும். செங்குத்தாகச் சுவர் கட்டிவிட்டால் அது ஏரியில்லை, தொட்டி. தொட்டிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பள்ளப்பட்டி ஏரியைப் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்த்து வேலை செய்தார்கள். அம்மாப்பேட்டைக்குக் குமரகிரி ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் நகருக்கே குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி, தண்ணீர் நின்ற வருஷத்தைப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்கிற நிலைமையில் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, எல்லாவற்றையும் இங்கே அவிழ்க்க முடியாது. சேர்வராயன் மலைத்தொடரில் பிறந்து நகரின் நடுவே ஓடுகிற திருமணிமுத்தாறு ஆறு என்பதையே சேலத்துப் பிள்ளைகளிடம் சத்தியம் செய்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் அதைச் சாக்கடை என்றே பழகிவிட்டோம்.

நல்ல கரை எப்படி இருக்கும் என்று கேட்டால் இரண்டு இடம் சொல்வேன். ஒன்று மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணை. 120 அடியைத் தொடும் நாளில் உபரிநீர் பதினாறு கண் மதகு வழியாகப் பாய்வதைப் பார்க்க, அழைப்பில்லாமலே ஜனம் கூடிவிடும். முனியப்பனுக்குக் கிடா வெட்டி, அங்கேயே சமைத்து, மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டு, வறுத்த மீனும் வாங்கித் தின்றுவிட்டுப் பிள்ளைகளைப் பூங்காவில் விட்டால் ஒரு பகல் ஓடிவிடும். இன்னொன்று எடப்பாடிக்குப் பக்கத்தில் பூலாம்பட்டி. குட்டிக் கேரளா என்று இப்போது எல்லோரும் போகிறார்கள். அங்கே எனக்குப் பிடித்தது தென்னையோ மலையோ இல்லை. காவிரியைக் கடக்கிற விசைப்படகுதான், அது சுற்றுலாவுக்காக விட்டது இல்லை. அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. இங்கிருந்து அங்கே சந்தைக்கும் வேலைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிறவர்கள் தினமும் ஏறுகிற படகு. சைக்கிளோடு ஏறுவார்கள், காய்கறி மூட்டையோடு ஏறுவார்கள். நாமும் நடுவில் ஒரு டிக்கெட் வாங்கி உட்கார்ந்துகொள்ளலாம். ஊர்க்காரர்களுக்கே அந்தத் துறையில் தினசரி வேலை இருப்பதால் துறையை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஏற்காட்டு ஏரியில் ஊர்க்காரனுக்கு என்ன வேலை? மலையாளிப் பழங்குடிக் கிராமத்திலிருந்து மிளகும் பலாவும் கொண்டுவந்து விற்கிறவர் ரோட்டோரம் நிற்கிறார், தண்ணீர்ப் பக்கம் திரும்புவதில்லை.

காவிரிக்கரையைப் புகழும்போது அதன் பயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை, "ஒரு அடி பின்னால போங்க." ஆள் முழுசாக ஃபிரேமுக்குள் வருவதற்காகச் சொல்வது. ஒரு ஆடி மாதம் பாறை மேல் நின்றிருந்த பையனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவனும் சொன்னபடி ஒரு அடி வைத்தான். வழுக்கியது. அவன் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். படம் எடுக்கவில்லை, எனக்குக் கை அரை மணி நேரம் நிற்கவில்லை. அன்றிலிருந்து தண்ணீருக்குப் பக்கத்தில் நான்தான் பின்னால் போவேன், எதிரே நிற்கிறவரைப் போகச் சொல்ல மாட்டேன். இப்போது கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. கிளியூரிலும் காவிரியிலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அதே வார்த்தையைச் சொல்வதைக் கேட்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. எச்சரிக்கைப் பலகையில் 'ஆழமான பகுதி' என்று எழுதுகிறார்கள். 'பின்னால் போகாதே' என்று எழுதினால் உயிர் பிழைக்கும்.

சென்னைக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு 1884இலேயே கவர்னர் கிராண்ட் டஃப் மெரினா நடைபாதை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மெரினாவில் எனக்குப் பொறாமை கடல் மேல் இல்லை. அங்கே மணலில் போய் உட்கார்ந்தால் எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை, டிக்கெட் கேட்பதில்லை. ஒரு பொட்டலம் சுண்டலை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். கொடைக்கானல் ஏரி கலெக்டர் லெவிஞ்சு 1863இல் வெட்டி வைத்தது. அதைச் சுற்றி நடக்கவாவது வழி இருக்கிறது. எங்கள் பக்கம் தண்ணீருக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் படகில் ஏறு என்கிறார்கள். அரை மணி நேரம் மிதித்துவிட்டு இறங்கு, அடுத்த ஆள் காத்திருக்கிறான். படகில் ஏறப் பயப்படுகிற பாட்டிக்கு இடம் எது?

இப்போது எனக்குக் கன்னங்குறிச்சியில் சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், ஆதார் லேமினேஷன், செத்தவர்கள் படத்தைப் பெரிதாக்கி மாலை போடுகிற மாதிரி கண்ணாடி போட்டுக் கொடுப்பது. போன மாதம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரத் தம்பி வந்தார். கையில் மேக்ஸி சைஸ் படம் ஒன்று, பின்பக்கம் என் ரப்பர் ஸ்டாம்ப் பாதி அழிந்திருந்தது. அம்மாவை எடுத்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறார். சிரிப்பைக் கையால் மறைக்கப் பார்க்கிறார், கை வருவதற்குள் நான் அழுத்தியிருக்கிறேன். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை, அதுதான் இவர். வேறு படமே இல்லையாம்.

வழக்கமாக இந்த மாதிரிப் படத்தில் ஆளை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னால் நீல நிறம் போட்டுத் தரச் சொல்வார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை.

"தண்ணிய எடுத்துறாதீங்கண்ணா. அப்படியே இருக்கட்டும்," என்றார். பிறகு, "இது எந்த எடம்ணா? எம் பொண்ணையும் அதே எடத்துல உக்கார வெச்சு ஒண்ணு எடுக்கணும். ஞாயித்துக்கெழம போலாம்னு இருக்கோம்."

படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எந்த இடம் என்று தெரிந்தது. வேலிக்கு உள்ளே போய்விட்ட இடம். அதைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. பஸ் செலவுக்கு எடுத்து வைத்திருப்பார் போல.

மூக்கனேரிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், காலை ஆறு மணிக்கு. படிக்கட்டு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பெருக்கிவிட்டால் உட்காரலாம். நேரம் தவறாமல் வாருங்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். ஏழு ஆகிவிட்டால் தண்ணீர் வெளுத்துப்போகும், படத்தில் விழாது.